ஈரச் சாக்கு

இன்னாசி ஒன்றும் செய்யாதவர்.
போத்தல் லேபிளில் அதைத்தான் அச்சடித்திருக்கிறோம்:
சர்க்கரை சேர்க்கவில்லை, கந்தகம் சேர்க்கவில்லை,
வாங்கிய ஈஸ்ட் இல்லை,
வடிகட்டவும் இல்லை.
இத்தனை இல்லைகளைத் தூக்கி நிறுத்த
விடியற்காலை ஐந்துக்கு எழுந்தாக வேண்டும்.

பாலிக் பூலாவ் சரிவில் நாற்பத்தியொரு மங்குஸ்தீன் மரம்.
மருந்தடிக்காததால்
முசுறு எறும்புகளுக்கு நாங்கள் வாடகைக்காரர்கள்.
வாடகையைக் கழுத்தில் வசூலிக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆ ஹுவாட்டின் டுரியான் தோட்டம்.
களைக்கொல்லி அடிக்கும் முன் போன் செய்வார்:
"காற்று எந்தப் பக்கம், அக்கா?"
துணிக்கொடியில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பார்த்துச் சொல்வேன்.
நம் பக்கம் என்றால் அவர் அன்று அடிக்க மாட்டார்.
ஒப்பந்தம் எதுவும் கிடையாது,
ஒரு பை மட்டும்.

மகள் பெர்னதெத் பாயான் லெப்பாஸில் சில்லு சோதிக்கிறாள்.
தலை முதல் கால் வரை வெள்ளை உறை.
ஒரு தூசி நுழைந்தால் அங்கே அலாரம் அடிக்கும்.
சனிக்கிழமை வந்து
கழுவாத பழத்தைத் தோலோடு பிசைவாள்,
முழங்கை வரை ஊதா.
இங்கே நுழைகிற தூசியை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

இந்த ஜூலையில் தகரக் கூரை பழுத்துவிட்டது.
ஆறாம் நாள்
மூன்றாவது தொட்டி வாயை மூடிக்கொண்டது.
மற்ற இரண்டும் செபமாலை சொல்லும் பெண்கள் மாதிரி
முணுமுணுத்துக்கொண்டிருக்க
இது மட்டும் சுவர்.
காதை வைத்துக் கேட்டேன்.
என் காதின் சத்தம்தான் கேட்டது.

"விடு. அதுக்குத் தெரியும்" என்றார்.
அதுக்குத் தெரியும்.
வங்கிக்குத் தெரியுமா?
ஐஸ்பெட்டியில் பெலாச்சான் டப்பாவுக்குப் பின்னால்
ஜார்ஜ்டவுனில் வாங்கிய ஈஸ்ட் பொட்டலம் இருந்தது,
என் சொந்தக் காசில், இரண்டு வருஷமாக.
அன்று அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு சிட்டிகைக்கு எடையே இல்லை.
திரும்ப வைத்துவிட்டேன்.

பிறகு அரிசிச் சாக்குகளை நனைத்துத் தொட்டிக்குச் சுற்றினேன்.
மேசை விசிறியைத் தரையில் இறக்கி அதன் பக்கம் திருப்பினேன்.
மூன்று மணிக்கொரு தடவை எழுந்து தண்ணீர் ஊற்றினேன்,
ஊரெல்லாம் தூங்கும்போது
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஊற்றுவது போல.
வெளியே ஊற்றினால் அது தலையீடா?
யாரிடமும் கேட்கவில்லை.

நான்காம் இரவு, மணி இரண்டு இருக்கும்,
வாளியோடு போகிறேன்.
சாக்கு ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.
உள்ளே வந்தேன்.
இன்னாசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்,
தூங்குகிறவர் விடும் மூச்சை விடப் பெரிய மூச்சு விட்டபடி.
அவர் கைலியின் விளிம்பு
முழங்கால் வரை ஈரம்.

ஒன்பதாம் நாள் ஒரு குமிழி.
மதியத்துக்குள் ஊதா நுரை.
"பார்த்தாயா, தானாகவே வந்துட்டுது."
என் பத்து விரலும் ஊறிச் சுருங்கியிருந்தன.
அவருடையதைப் பார்த்தேன்.
"ஆமாம்" என்றேன், "தானாகத்தான்."

ஆர்மேனியன் தெருவிலிருந்து உணவகக்காரர் வந்தார்.
கிளாஸைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"கலங்கலா இருக்கே?"
இன்னாசி தோளைக் குலுக்கினார்.
"இந்த வருஷம் அப்படித்தான்."
அவர் குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.
பன்னிரண்டு போத்தல் எடுத்துக்கொண்டார்,
பணம் மாசக் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தை
ஆப்ப மாவில் கொட்டினேன்.
ஓரமெல்லாம் சரிகை, நடுவில் பஞ்சு.
பூசையிலிருந்து வந்த இன்னாசி
ஐந்து தின்றுவிட்டு
"மாவு இன்றைக்கு நன்றாகப் பொங்கியிருக்கிறதே,
என்ன செய்தாய்?" என்றார்.

"ஒன்றும் செய்யவில்லை."